பெயரைச் சொல்ல மறுத்த நிருபர்



தமது காணி வழக்கைப் பற்றிக் கமக்காரர் ஒருவர் எம்மிடம் தனியே கூறியதை, அவர் சம்மதமின்றி நாம் வெளியிடலாகாது. நீதவானே கேட்பினும் அப்படித்தான். சாட்சியச் சட்டம் சட்டத்தரணிகளாகிய எமக்குத் தந்த காப்பு அது. செய்தி நிருபருக்கு அத்தகைய காப்பு உண்டா? குற்றம் ஆராயும் ஜூரிமார் முன் சாட்சி சொல்ல மறுக்கும் உரிமையை அரசியலமைப்பு நிருபருக்கு அளிக்கவில்லை என்று அமெரிக்க உயர் நீதிமன்றம் 1972 இல் தீர்த்தது. நீதியரசர் ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். அத்தீர்ப்பு வந்து நான்காண்டுகளில் சோதனைக்குள்ளானவர் டானியல் ஷோர்.

1916 இல் நியூயோர்க்கில் பிறந்த இவர், 1953 இல் சி.பி.எஸ். நிறுவனத்திற் சேர்ந்தார். மொஸ்கோவிலிருந்து செய்தியனுப்பினார். 1957 இல் குருஷேவ் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியிற் பங்குகொண்டார். அவ்வாண்டின் இறுதியில் சோவியத் அரசு அவருக்குக் கதவை அடைத்தது. அவரது சொந்த நாட்டு அரசு மட்டும் அவரை விரும்பியதா? 1971 இல் நிக்சன் மாளிகையின் ஏவலாற் புலனாய்வுத் துறை அவரைத் துருவியது. அரச பதவியொன்றுக்காகவே விசாரித்தோம் என்று பின்னர் சாக்குச் சொன்னார்கள்! 1973 இல் நிக்சனின் 'எதிரிகள்' பட்டியல் வெளிவந்தபோது, அதைத் தொலைக்காட்சியில் நேரடியாக வாசித்துக்கொண்டு போனவர் இவரே. பதினேழாவதாகத் தம் பெயரைக் கண்டார். வாசித்துவிட்டு அடுத்த பெயருக்குச் சென்றார்.

உளவுத் துறைகளை ஆராய்ந்த பைக் குழுவின் அறிக்கையை வெளியிடலாகாதென 1976 சனவரியிற் பிரதிநிதிகள் சபை தீர்மானித்தது. அதன் பிரதி ஷோரிடம் இருந்தது. நியூயோர்க் வாரப் பத்திரிகையொன்றில் அதை வெளிவரச் செய்தார். சி.பி.எஸ். அவரைப் பணியினின்று நிறுத்தியது. இங்கே ஒன்றை மறைத்தல் நேர்மையன்று. அறிக்கையைக் கொடுத்தவர் சக பெண் நிருபர் ஒருவரே என்ற சந்தேகம் எழுந்தபோது, அதை அவர் உடனே மறுக்கவில்லை. அது பிழைதான், நாம் அதற்காக வாதாட மாட்டோம்.

ஆயினும் செப்டெம்பரில் சபையின் ஒழுக்கக் குழு அழைத்து, தந்தவர் யார் என்று வற்புறுத்தியபோது அவர் வாய் திறக்கவில்லை. மறுத்தாற் சிறை செல்ல நேரலாம் என்பதை அறிந்தே மறுத்தார். தந்தவரைக் காட்டிக்கொடுப்பது தம்மையும் தம் தொழிலையும் காட்டிக்கொடுப்பதே என்றார். குழு அவரைத் தண்டனைக்கு அனுப்பாது விட்டது. அதே மாதத்தில் அவர் சி.பி.எஸ்.ஸிலிருந்து விலகினார்.

1979 இல் சி.என்.என். அவரை அழைத்தது. தமது தொழில் நெறிக்கு மாறான எதையும் செய்யுமாறு கேட்கலாகாது என்று முதலில் எழுத்தில் வாங்கிக்கொண்டார். சட்டம் படித்தவர்களும் மறந்துபோகும் முன்னெச்சரிக்கை! 1984 இல் கட்சி மாநாட்டுச் செய்திக்கு அரசியல்வாதி ஒருவரோடு சேர்ந்து விமர்சகராக அமரச் சொன்னபோது மறுத்தார். அடுத்த ஆண்டு அந்த வேலையும் போயிற்று. அதன்பின் பொது வானொலியில் அமர்ந்து, 2010 யூலையில் 93 வயதில் மறையும் வரை அரசியலை விளக்கிவந்தார்.

அறிக்கையைத் தந்தவர் பெயரை அவர் கடைசிவரை சொல்லவேயில்லை.