கார்ல்டன் தோட்டத்துக் கண்காட்சி மாளிகை

மெல்போர்ன் என்றதும் நம்மில் பலருக்கு டிசம்பர் 26-ஆம் தேதி தொடங்கும் டெஸ்ட் ஆட்டம்தான் நினைவுக்கு வரும். இன்று மைதானத்தை விட்டுவிட்டு, நகர மையத்தின் வடகிழக்கு ஓரத்துக்குப் போவோம். எக்ஸிபிஷன் தெரு வழியாக வடக்கே நடந்தால், தெரு முடிகிற இடத்தில் கார்ல்டன் தோட்டம். அங்கே நடந்த கண்காட்சியால்தான் அந்தத் தெருவுக்கே அந்தப் பெயர். தோட்டத்துக்குள் மரங்கள் அணிவகுத்த பாதையில் போனால் பெரிய நீரூற்று ஒன்று வரும். அதைத் தாண்டி நிமிர்ந்தால் குவிமாடம். அதுதான் ராயல் எக்ஸிபிஷன் பில்டிங்.

1850-களில் விக்டோரியாவில் கிடைத்த தங்கம் மெல்போர்னைச் செல்வ நகரமாக்கியது. வந்த செல்வத்தை உலகத்துக்குக் காட்ட ஒரு சர்வதேசக் கண்காட்சி வேண்டும் என்று தீர்மானித்தார்கள். 1879 பிப்ரவரியில் அடிக்கல். 1880 அக்டோபர் 1-ஆம் தேதி திறப்பு விழா. இருபது மாதத்துக்குள் வேலையை முடித்துவிட்டார்கள். வடிவமைத்தவர் ஜோசப் ரீட். அந்நகரின் டவுன் ஹாலும் அவர் கைவண்ணம்தான். கட்டிக்கொடுத்தவர் டேவிட் மிட்செல். பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பாடகி நெல்லி மெல்பாவின் தந்தை அவர்.

தூரத்திலிருந்து பார்த்தால் கல் கட்டடம் போலத் தெரியும். கிட்டப் போய்ப் பாருங்கள்: செங்கல் சுவர், மேலே சாந்துப் பூச்சு. வாசலுக்கு மேலே விசிறி விரித்தாற்போல ஒரு பிரம்மாண்ட அரைவட்டக் கண்ணாடி ஜன்னல். எங்கு திரும்பினாலும் அரைவட்ட வளைவுகள். பைசாண்டிய, ரோமானெஸ்க், இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணிகளை ரீட் ஒன்றாகக் கலந்திருக்கிறார். குவிமாடத்துக்கு முன்மாதிரி ஃபிளாரன்ஸ் நகரப் பேராலயம். எட்டுப் பட்டை கொண்ட கழுத்தின் மேல் அமர்ந்து, தரையிலிருந்து 68 மீட்டர் உயரத்துக்கு அது எழுகிறது.

உள்ளே நுழைவோம். தரையமைப்பு சிலுவை வடிவம். கிழக்கு மேற்காக நீளும் கூடம் சுமார் 150 மீட்டர். இரு பக்கமும் மாடி நடைகள். அவற்றுக்கு மேலே வரிசையாக ஜன்னல்கள். மின்விளக்கு பரவாத காலத்தில் கட்டியது அல்லவா? பண்டங்கள் மேல் பகல் வெளிச்சம் உயரத்திலிருந்து விழும்படி திட்டமிட்டிருக்கிறார்கள். கூடத்தின் நடுவில், குவிமாடத்துக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். போர், அமைதி, கூட்டாட்சி, அரசாட்சி என்று உருவகச் சித்திரங்கள். 1901-இல் தீட்டிய அலங்காரம். பிற்காலத்தில் மறைந்துபோய், மறுபடி மீட்டெடுத்தது.

அந்த 1901 மே 9-ஆம் தேதிதான் ஆஸ்திரேலியாவின் முதல் கூட்டாட்சி நாடாளுமன்றம் இங்கே திறக்கப்பட்டது. சுமார் 12,000 பேர் கூடினார்கள். சாதாரண மண்டபத்தில் அத்தனை பேருக்கு எங்கே இடம்?

இந்த இடவசதிதான் கட்டடத்தைக் காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றுகிறது. இதைப் போலவே கண்காட்சிக்காக எழுந்த லண்டனின் கிரிஸ்டல் பேலஸ் 1936-இல் எரிந்தது. சிட்னியில் அதே நோக்கத்தோடு 1879-இல் எழுந்த கார்டன் பேலஸ் மூன்றே ஆண்டில் சாம்பலானது. மெல்போர்ன் கூடமோ ஊருக்கு நம் கல்யாண மண்டபம் போல ஆகிவிட்டது. கேட்டவருக்கெல்லாம் இடம் கொடுத்தது. 1919-இல் விஷக்காய்ச்சல் பரவியபோது ஆஸ்பத்திரி. 1956 ஒலிம்பிக்கில் பளுதூக்குதலும் மல்யுத்தமும் இங்கேதான். மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து தேர்வு எழுதும் கூடமும் இதுவே. 1940-களில் இடித்துவிடலாம் என்ற பேச்சுக்கூட எழுந்தது; நல்லவேளையாக நடக்கவில்லை. 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. ஆஸ்திரேலியக் கட்டடங்களில் அந்தப் பெருமை முதலில் கிடைத்தது இதற்குத்தான்.

பக்கத்திலேயே மெல்போர்ன் அருங்காட்சியகம். கூடத்தைச் சுற்றிக்காட்ட அவர்களே ஏற்பாடு செய்கிறார்கள். போவதற்கு முன் ஒரு வார்த்தை விசாரித்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உள்ளே கண்காட்சியோ தேர்வோ நடந்தால், நீங்கள் வெளியே நின்றுதான் பார்க்க வேண்டியிருக்கும். 140 வருஷம் கடந்த பிறகும் அந்தக் கூடத்துக்கு வேலை ஓயவில்லை.