ஐந்து ஆல்பங்களும் அவற்றின் பெயர்களும்

(இசை ஆர்வலர்களின் சந்திப்பு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

"இப்போது என்ன கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?" என்பதுதான் இன்றைய கேள்வி. ஜாஸ், ஆம்பியன்ட் ஆல்பங்களில் ஐந்தைச் சொல்லிவிட்டு உட்காருங்கள் என்று அழைத்தார்கள். ஐந்தையும் சொல்கிறேன். ஆனால் ஆல்பத்தின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துவது பாதிப் பகிர்வுதான் என்பது என் கருத்து. மீதிப் பாதியையும் சேர்த்தே சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. ஜாஸ் பக்கம் புதிதாக வருகிறவர்களின் கையில் எல்லோரும் முதலில் கொடுப்பது இதைத்தான். 1959ஆம் ஆண்டு நியூயார்க்கில் இரண்டே அமர்வுகளில் பதிவாகி, ஆகஸ்ட் 17 அன்று வெளிவந்தது. பதற்றமே இல்லாத இசை. எட்டு நாள் கழித்து, ஆகஸ்ட் 25 இரவு, மைல்ஸ் பேர்ட்லேண்ட் கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் ஒரு வெள்ளைப் பெண்ணை டாக்சியில் ஏற்றிவிட்டு வாசலில் நின்றார். நகர்ந்து போகச் சொன்னார் காவலர். நான் இங்கேதான் வேலை செய்கிறேன், பலகையில் இருப்பது என் பெயர் என்றார் மைல்ஸ். தலையில் அடித்து, ரத்தம் வழிய வழியக் கைது செய்து கொண்டு போனார்கள். குற்றச்சாட்டுகளிலிருந்து பிறகு விடுவிக்கப்பட்டார். ஆனால் அந்த அடி அடிதானே?

பெரிய படிப்புப் படித்து, பெரிய பதவிக்குப் போய்விட்டால் சாதி போய்விடும் என்று நம்மிடம் சொல்கிறவர்கள் உண்டு. உலகமே கொண்டாடிய கலைஞனுக்குத் தன் பெயர்ப்பலகைக்குக் கீழே நிற்க உரிமை இருக்கவில்லை என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இரண்டாவது, பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கின் 'பிரில்லியன்ட் கார்னர்ஸ்'. 1956இல் பதிவானது. அப்போது நியூயார்க்கில் ஒரு விதி இருந்தது. மது பரிமாறும் கிளப்பில் வேலை செய்ய வேண்டுமானால் காவல்துறையிடம் கைரேகை கொடுத்து ஓர் அட்டை வாங்க வேண்டும். 1940 முதல் 1967 வரை இந்த நடைமுறை இருந்தது. பில்லி ஹாலிடே 1947இல் அட்டையை இழந்தார். மங்க்குக்கு 1951 முதல் 1957 வரை அட்டை இல்லை. இரண்டுக்கும் போதைப்பொருள் வழக்குகள் காரணமாகச் சொல்லப்பட்டன. மங்க் ஸ்டுடியோவில் பதிவு செய்யலாம், ஆனால் தன் சொந்த நகரத்துக் கிளப்பில் உட்கார்ந்து வாசிக்க முடியாது. நாம் "மேதை" என்று சொல்லிப் பகிரும் ஆல்பம், வயிற்றுப்பாட்டுக்கான மேடை அடைக்கப்பட்டிருந்த காலத்தில் பிறந்தது.

அந்த விதியில் கருப்பர் என்ற சொல்லே இல்லை. வெள்ளையரும் அட்டை வாங்கத்தான் வேண்டும். எழுத்தில் எல்லோருக்கும் பொது, நடைமுறையில் யார்மீது கை வைக்கலாம் என்பதைக் காவலர் முடிவு செய்வார். இதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, ஜான் கால்ட்ரேனின் 'லைவ் அட் பேர்ட்லேண்ட்'. மைல்ஸ் அடிபட்ட அதே கிளப். இந்த ஆல்பத்தில் 'அலபாமா' என்றொரு இசை இருக்கிறது. அது 1963 நவம்பரில் ஸ்டுடியோவில் பதிவானது. எங்கள் விடுதியில் ஞாயிறு இரவுகளில் சிலர் கூடி, அந்த வாரம் கேட்டதை ஸ்பீக்கரில் போட்டுக் காட்டுவது வழக்கம். ஒரு நண்பர் இதைப் போட்டு, "மழைநாளுக்கு இதமாக இருக்கும்" என்றார். மெதுவான இசை, தாழ்ந்த குரலில் சாக்சபோன். அப்படித் தோன்றுவதில் வியப்பில்லை.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை காலை, அலபாமா மாநிலம் பர்மிங்காமில் 16ஆவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை வெறியர்கள் வைத்த குண்டு வெடித்தது. ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கரோல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நேர் ஆகிய நான்கு சிறுமிகள் இறந்தார்கள். மூவருக்கு வயது 14. டெனிஸுக்கு 11. இரண்டு மாதம் கழித்து கால்ட்ரேன் இதை வாசித்தார்.

நான் இதைச் சொன்னதும் அறை அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தோழி ஒருவர் கேட்டார்: "இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் கேட்க வேண்டுமா? இசையை இசையாகக் கேட்கக் கூடாதா?"

நேர்மையான கேள்வி. அதற்கு என் பதில் இதுதான். அரசியலை நான் வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டவில்லை. 'அலபாமா' என்று பெயர் வைத்தவர் கால்ட்ரேன். லிட்டில் ராக் நகரில் 1957இல் ஒன்பது கருப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் விடாமல் படையை நிறுத்திய ஆளுநர் ஃபாபஸின் பெயரைத் தன் இசைக்குத் தலைப்பாக்கியவர் சார்லஸ் மிங்கஸ். 1960இல் 'வீ இன்சிஸ்ட்' ஆல்பத்தின் அட்டையில், உணவகக் கவுன்டரில் உட்கார்ந்து நம்மைத் திரும்பிப் பார்க்கும் மூன்று கருப்பினத்தவரின் படத்தைப் போட்டவர் மேக்ஸ் ரோச். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் கிரீன்ஸ்பரோவில் கருப்பின மாணவர்கள் உணவகக் கவுன்டரில் அமர்ந்து போராட்டத்தைத் தொடங்கியிருந்தார்கள். இரட்டைக் குவளை பார்த்த ஊர்க்காரர்களுக்கு அந்தப் படத்துக்கு விளக்கவுரை தேவைப்படாது. கலைஞர் வைத்த பெயரைக் கழற்றிவிட்டுக் கேட்பதற்கு "இசையை இசையாகக் கேட்பது" என்று பெயர் வைத்தது யார்?

தெரிந்துகொண்ட பிறகு ரசிக்க முடியாமல் போகும் என்று பயப்பட வேண்டாம். 'அலபாமா'வின் முடிவில் எல்வின் ஜோன்ஸின் டிரம்ஸ் எழும்பும் இடத்தை அந்த நான்கு பெயர்களோடு ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கேட்பது கூடுமே தவிரக் குறையாது.

நான்காவது, ஆலிஸ் கால்ட்ரேனின் 'ஜர்னி இன் சச்சிதானந்தா', 1971. ஹார்ப், தம்புரா, ஃபரோ சாண்டர்ஸின் சாக்சபோன். தலைப்பில் இருப்பவர் கோவை அருகே செட்டிபாளையத்தில் பிறந்த சுவாமி சச்சிதானந்தா. இந்த ஆல்பம் வந்தாலே "நம்ம ஆன்மிகம் எங்கே போயிருக்கு பாருங்கள்" என்று பெருமைப்படுகிறவர்கள் உண்டு. நான் கேட்பது வேறு. டெட்ராய்ட்டின் கருப்பினத் தேவாலயங்களில் பியானோவும் ஆர்கனும் வாசித்து வளர்ந்தவர் அவர். பிறகு கலிபோர்னியாவில் சொந்தமாக ஆசிரமம் தொடங்கி, தானே குருவாக அமர்ந்து, பஜனைகளைத் தேவாலயப் பாட்டின் துள்ளலோடு பாடினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கருவறைக்குள் யார் போகலாம் என்று இன்னும் நீதிமன்றத்தில் வாதாடும் நாட்டிலிருந்து கொண்டு அதைக் கேட்கிறோம். பெருமைப்படுகிறவர்கள் முதலில் அதை யோசிக்கட்டும்.

ஐந்தாவது, லராஜியின் 'டே ஆஃப் ரேடியன்ஸ்', 1980. ஆம்பியன்ட் என்றால் உடனே பிரையன் ஈனோ, 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' என்று சொல்வோம். அதே வரிசையின் மூன்றாவது ஆல்பம் இது. ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இசை பயின்ற கருப்பினக் கலைஞரான லராஜி, நியூயார்க் வாஷிங்டன் சதுக்கப் பூங்காவில் உட்கார்ந்து ஸிதர் என்ற தந்திக் கருவியை வாசித்துக்கொண்டிருந்தார். அவரது பெட்டியில் ஈனோ ஒரு சீட்டைப் போட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து பிறந்தது இந்தப் பதிவு. ஈனோவின் பெயரைச் சொல்கிற நாக்கு லராஜியின் பெயரையும் சொல்லிப் பழக வேண்டும்.

பெயர் ஏன் இவ்வளவு முக்கியம்? இப்போது பலர் ஆல்பத்தைக் கேட்பதில்லை. "படிக்க", "தூங்க" என்று தலைப்பிட்ட பட்டியல்களைக் கேட்கிறார்கள். அத்தகைய ஜாஸ், ஆம்பியன்ட் பட்டியல்களில், மலிவாகத் தயாரித்துப் புனைபெயர்களில் ஏற்றிய இசையை ஸ்பாட்டிஃபை நிரப்பியதைப் பற்றி லிஸ் பெல்லி என்ற அமெரிக்க இதழாளர் 2025இல் வந்த 'மூட் மெஷின்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். யார் வாசித்தது என்று நாம் கேட்கப் போவதில்லை என்ற நம்பிக்கையில் நடக்கிற வியாபாரம் அது. ஓசை வேண்டும், ஆள் வேண்டாம். நமக்கு இது புதிதா? பறைக்கு ஆடுகிற கூட்டத்தில் எத்தனை பேருக்கு அடிக்கிறவரின் பெயர் தெரியும்?

1946இல் அண்ணல் அம்பேத்கர் டபிள்யூ.இ.பி. டு போய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அமெரிக்கக் கருப்பர்கள் ஐக்கிய நாடுகள் அவைக்குக் கொடுத்த மனுவின் படிகளை அனுப்ப முடியுமா என்று கேட்டார். பாராட்டோடு நிறுத்திக்கொள்ளாமல், அவர்கள் எழுதியதையே கேட்டு வாங்கிப் படிக்க நினைத்தார். அந்த ஒழுங்கை நாம் இசையிலும் கடைப்பிடிக்கலாம்.

அதனால் என் கோரிக்கை சிறியதுதான். அடுத்த முறை ஓர் ஆல்பத்தைப் பகிரும்போது அதனுடன் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள். வாசித்தவர்கள் யார், எந்த ஆண்டு, எந்த ஊர், அப்போது அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது என்று. "அருமை", "இதம்" என்பதெல்லாம் அதற்குப் பிறகு வரட்டும்.