சிறுவீடும் சிறு கைகளும்



நம் பண்டிகைகளைச் சிறு குழந்தைகளுக்கு உரிமையாக்குவது எவ்வாறு என்பது பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். ‘இது பெற்றோர்க்குச் சொல்ல வேண்டிய செய்தி அன்றோ?’ என்று நீங்கள் எண்ணலாம். ஒரு வீட்டில் உள்ள நான்கு வயதுக் குழந்தை யாரைப் பார்த்து நடக்கிறது? பெரும்பாலும் தாத்தாவைப் பார்த்து அன்று. தன்னைவிடப் பத்து வயது மூத்த அக்காளையும் அண்ணனையும் பார்த்தே நடக்கிறது. ஆதலின் இப்பேச்சு உங்களுக்கே உரியது.

பண்டிகை நாளில் குழந்தையை நாம் எப்படி நடத்துகிறோம்? புத்தாடை உடுத்துகிறோம். ஓரிடத்தில் உட்கார வைக்கிறோம். ‘தொடாதே, கொட்டிவிடுவாய்’ என்று எச்சரிக்கிறோம். முடிவில் கையில் இனிப்பைக் கொடுக்கிறோம். அக்குழந்தை அன்று விருந்தாளியாக இருக்கிறதே ஒழிய, வீட்டாருள் ஒருவராக இல்லை. விருந்தாளிக்கு உணவின் சுவை நினைவில் நிற்கும். அடுப்பு மூட்டும் முறை தெரியாது. அக்குழந்தை வளர்ந்து தனிக்குடித்தனம் வைக்கும்போது, பண்டிகை என்பது கடையில் வாங்கும் இனிப்பாக மட்டும் எஞ்சுவதில் வியப்பு என்ன?

இதற்கு மாறான வழி ஒன்றை நம் முன்னோர் கண்டிருந்தனர். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பகுதிகளில் சிறுவீட்டுப் பொங்கல் என்று ஒரு விழா உண்டு. மார்கழி மாதம் முழுதும் விடியற்காலையில் சிறுமியர் வாசலில் கோலமிட்டு, சாண உருண்டையின்மேல் பூசணிப் பூவைச் செருகி நடுவில் வைப்பர். பிறகு அவற்றை எடுத்து, பூவோடு சேர்த்து வறட்டியாகத் தட்டி உலர்த்திச் சேமிப்பர். தை பிறந்து பெரிய பொங்கல் முடிந்தபின், முற்றத்தில் களிமண்ணால் சிறிய வீடு ஒன்று கட்டப்பெறும். அதன்முன் சிறு பானையில் அச்சிறுமியரே பொங்கலிடுவர். பின்னர்ப் பூ வறட்டிகளை ஆற்றுக்கோ குளத்துக்கோ எடுத்துச் சென்று, சூடம் ஏற்றி நீரில் விடுவர். நாள் ஊருக்கு ஊர் மாறும். முறை ஏறத்தாழ ஒன்றே.

இதில் உள்ள கல்வி நுட்பத்தைக் கவனியுங்கள். வீடும் சிறிது, அடுப்பும் சிறிது, பானையும் சிறிது. எல்லாம் குழந்தையின் கைக்கு அளவானவை. ஆனால் அரிசி உண்மையான அரிசி, தீ உண்மையான தீ, பொங்குவதும் உண்மையான பொங்கல். அது விளையாட்டாகவும் இருக்கிறது, வேலையாகவும் இருக்கிறது. சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்று பிள்ளைத்தமிழில் மூன்று பருவங்கள் அமைந்திருப்பதை இலக்கிய வகுப்பில் படித்திருப்பீர்கள். குழந்தைக்கு வேண்டுவது குழந்தையின் அளவில் அமைந்த உலகம் என்பதை அப்பெயர்களே காட்டுகின்றன.

இத்தாலி நாட்டுக் கல்வி அறிஞர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1907-இல் ரோம் நகரில் குழந்தைகள் இல்லம் ஒன்றைத் தொடங்கினார். பிள்ளைகளின் உயரத்துக்கேற்ற மேசை, நாற்காலி, அவர்கள் கைக்கேற்ற கருவிகள் ஆகியவற்றை அங்கே அமைத்தார். 1939-இல் அவர் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் அளித்தார். கை செய்யாததை மனம் நெடுநாள் காப்பதில்லை என்பது எங்கள் ஆசிரியப் பயிற்சியில் நாங்கள் கற்ற முதற்பாடம். நெல்லை நாட்டு முற்றங்களில் அப்பாடம் ஆண்டுதோறும் தை மாதத்தில் நடந்துவந்தது.

ஆனால் இன்று பலருக்கு முற்றம் இல்லை. மண்வாசல் சிமெண்டுத் தரையாகிவிட்டது. சென்னையில் அடுக்குமாடி வீட்டில் வாழும் என் பேத்திக்கு வயது ஐந்து. நான் ஊரில் சேர்த்துவைத்த பூ வறட்டிகளை ஓர் ஆண்டு அவளிடம் எடுத்துச் சென்றேன். ‘தாத்தா, சாணியில் ஏன் பூ வைத்தீர்கள்?’ என்று கேட்டாள். சாணம் மண்ணுக்கு உரம். அம்மண்ணிலிருந்தே கொடியும் பூவும் வருகின்றன என்று விடை கூறினேன். ஒரு பெரிய தட்டில் களிமண் பரப்பி இருவரும் சிறுவீடு கட்டினோம். திண்ணை, பட்டாசல், அடுக்களை என நான் வகுத்துக்கொண்டு வந்தபோது, ‘லிப்டு எங்கே?’ என்றாள். ஒரு மூலையில் லிப்டும் எழுந்தது. அருகிருந்த முதிய உறவினர் ஒருவர், ‘சிறுவீட்டில் இது என்ன கூத்து?’ என்று முகம் சுளித்தார்.

அவர் வருத்தம் புறக்கணிக்கத் தக்கதன்று. ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் இறுதியில் எஞ்சுவது என்ன என்பதே அவர் கவலை. எனினும், பழைய சிறுமியர் தாம் வாழ்ந்த வீட்டையே மண்ணில் கட்டினர். இவளும் தான் வாழும் வீட்டையே கட்டினாள். தன் கையால் மண் பிசைவதும், தானே பொங்கலிடுவதும், பிறர்க்குப் பகிர்வதும் இருக்கும்வரை அது சிறுவீடே. அவற்றை விட்டு, அழகிய சிறுவீட்டைப் பெரியவர்களே கட்டிக் காட்சிக்கு வைப்பார்களாயின், அதில் லிப்டு இல்லாவிட்டாலும் மரபு போயிற்று என்றே சொல்வேன். வறட்டிகளை விட ஆறில்லாமையால் மாடியிலிருந்த பூந்தொட்டி மண்ணில் இட்டோம்.

இனி நீங்கள் செய்யத் தக்கது யாது? வருகிற தையில் வீட்டிலுள்ள சிறு குழந்தைக்கு ஒரு வேலையை ஒப்படையுங்கள். மூன்று வயதுக் குழந்தை கோலத்தின் நடுவில் பூ வைக்கலாம். ஐந்து வயதுக் குழந்தை அரிசியை அளந்து போடலாம்; ஆழாக்கு இரண்டு கொண்டது உழக்கு, உழக்கு இரண்டு கொண்டது உரி, உரி இரண்டு கொண்டது படி என்பதைக் கையாலேயே அறியும். ஏழு வயதுக் குழந்தை கோலப் புள்ளி வைக்கலாம். நடுவரிசையில் 5 புள்ளி, இருபுறமும் நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று எனக் குறைந்து வந்தால் மொத்தம் 25. ‘ஐயைந்து இருபத்தைந்து’ என்று அதுவே வியந்து சொல்லும். தீயின் பொறுப்பு மட்டும் பெரியவர்களிடம் இருக்கட்டும்.

முன்பு இவ்விழா பெண் குழந்தைகளுக்கே உரியதாக இருந்தது. இனி ஆண் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அடுப்படி வேலை இருவர்க்கும் உரியது. குழந்தை ‘ஏன்?’ என்று கேட்டால் அதட்டாதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைப் பாட்டியிடம் இருவருமாகச் சென்று கேளுங்கள். பாட்டிக்கும் அது மகிழ்ச்சி தரும்.

அரிசி சிறிது சிந்தும், கோலம் கோணும். சிந்தியதைக் கூட்டிவிடலாம். கோணிய கோலத்தை அழித்துத் திருத்தாமல், அன்று முழுதும் வாசலில் அப்படியே இருக்க விடுங்கள்.