முதலிடம் எந்த இசைத்தட்டுக்கு?

மேற்கு ஜெர்மனியின் மியூன்ஸ்டர் நகரில் தோன்றிய ஆல்ஃபாவில் குழுவினர், சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவியைக் கொண்டு 1984இல் மூன்று இசைத்தட்டுகளை அடுத்தடுத்து வெளியிட்டனர். அவற்றுள் சிறந்தது எது என்று ரசிகர்கள் இன்றும் வழக்காடுகின்றனர்.

அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது ‘பிக் இன் ஜப்பான்’. துள்ளல் மிகுந்த அப்பாட்டு, பெர்லினில் ஹெராயின் பழக்கத்தினின்று மீளத் தவிக்கும் காதலர் இருவரைப் பற்றியது என்பதைப் பலர் அறியார். ‘ஃபாரெவர் யங்’ அணுகுண்டை அஞ்சிய தலைமுறையின் பாட்டு. 1983இன் இறுதியிலேதான் அமெரிக்க ஏவுகணைகள் அம்மண்ணில் வந்திறங்கியிருந்தன. முதலிடத்தை எட்டாத அது, இன்று திருமண விருந்துகளில் ஒலிக்கிறது! ‘சவுண்ட்ஸ் லைக் எ மெலடி’ இனிமையானதே, எனினும் மூன்றாவதுதான். என் வாக்கு ‘பிக் இன் ஜப்பா’னுக்கே. பொருளறிந்தபின் அதன் தாளத்துக்குத் தலையசைக்க எனக்கு மனம் வருவதில்லை.