பட்லர் கந்தப்பனைத் தேடி



திருக்குறள் மூலம் முதன்முதலாக அச்சேறிய ஆண்டு 1812. அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எல்லீஸ் துரையின் பெயர் தவறாமல் வருகிறது. சுவடியைக் கொடுத்தவர் பெயர் வருவதில்லை. அவர் கந்தப்பன்; ஆரிங்டன் துரையிடம் பட்லராக வேலை பார்த்தவர்; அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார்.

அவரை எங்கே தேடுவது? எல்லோரும் போகிற இடத்துக்கே நாங்களும் முதலில் போனோம். கம்பெனிக் காலத்து டைரக்டரிகளில் துரைமார் பெயரும் பதவியும் வரிசையாக இருக்கின்றன. அவர்களுக்குச் சோறு ஆக்கியவருக்கும், பிள்ளை வளர்த்த ஆயாவுக்கும் அங்கே பத்தி இல்லை. 1785இல் தொடங்கிய 'மெட்ராஸ் கூரியர்' போன்ற பத்திரிகைகளும் துரைமாருக்காகவே நடந்தவை. கந்தப்பன் அங்கே இல்லை என்பதால் அவர் வாழவே இல்லை என்றாகிவிடாது. அந்தப் பதிவேடு யாருக்காக எழுதப்பட்டது என்பதைத்தான் அது காட்டுகிறது.

அவர் நம்முடைய பத்திரிகையில் கிடைத்தார். 1907 ஜூன் 19இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. தம் பாட்டனார் குறளையும் நாலடியாரையும் ஆரிங்டனிடம் கொடுத்தார், அவர் வழியாக அவை எல்லீஸிடம் சேர்ந்தன என்று பண்டிதர் எழுதினார். 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வந்த பிறகே நம்மில் பலர் அதைப் படித்தோம்.

"பேரன் சொன்னதுதானே? நூறாண்டு கழித்து எழுதியதுதானே?" என்று கேட்பார்கள். ஆம். அதை மறைக்க வேண்டாம். அது ஒரு குடும்பத்தின் சாட்சியம். சாட்சியம் என்றே சொல்வோம். எல்லீஸ் அந்த ஆண்டுகளில் சென்னையில் இருந்தார், 1812இல் கோட்டைக் கல்லூரியை அமைத்தார், 1819இல் இறந்தார். காலம் பொருந்துகிறது. அதற்கு மேல் ஏற்றிச் சொன்னால் நம் வழக்கை நாமே கெடுத்துக்கொள்வோம். ஆனால் துரை எழுதினால் ஆவணம், பறையர் எழுதினால் கட்டுக்கதை என்ற அளவுகோலையும் ஏற்க மாட்டோம். இரண்டையும் ஒரே தராசில் நிறுப்போம்.

இந்தச் சாட்சியம் இன்னொன்றையும் சொல்கிறது. எழுத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டதாகச் சொல்லப்படும் மக்களின் வீட்டில் குறள் ஏடு இருந்தது.

மாணவர்களே, உங்கள் தாத்தா பாட்டி என்ன தொழில் செய்தார்கள், எந்தத் தெருவில், யாரிடம் என்று இந்த வாரமே கேட்டு எழுதுங்கள். சொன்னவர் பெயரையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த கந்தப்பனை நூறாண்டு கழித்துத் தேட வைக்க வேண்டாம்.

ஜெய் பீம்.