ஞாயிறு சுளுக்கிய கால் திங்கள் மலையேறுகிறது

(தோட்டத்துக் கரப்பந்தாட்டப் போட்டிக்கு முந்திய கூட்டத்தில் ஆற்றிய உரை)



விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். விளையாட்டு உடம்புக்கு நல்லது, ஒற்றுமையை வளர்க்கும் என்று சொல்லிவிட்டு நான் உட்காரலாம். அது உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் பேச வந்தது கணுக்காலைப் பற்றி.

நம் தோட்டத்தில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். ஞாயிறு பின்னேரம் பந்தடிக்க எம்பிய தம்பி, கீழே வரும்போது கால் மடங்கி விழுகிறார். நொண்டிக்கொண்டே லயத்துக்குப் போகிறார். அம்மா எண்ணெய் காய்ச்சுகிறார். மேல் லயத்திலிருந்து சுளுக்கெடுக்கிறவர் வந்து காலைப் பிடித்து ஒரே இழுப்பு இழுக்கிறார். அந்த அலறல் டிவிஷன் முழுக்கக் கேட்கும். திங்கள் காலையில் அதே தம்பி துணியைச் சுற்றிக்கொண்டு பிரட்டுக்கு நிற்கிறார். நிற்காவிட்டால் பேர் இல்லை. புதன்கிழமை கால் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருக்கும். அடுத்த ஞாயிறு மறுபடியும் வலைக்கு முன்னால் நிற்பார். இரண்டு மாதத்தில் அதே கால் மறுபடியும் மடங்கும்.

உயர்தரம் படிக்கும்போது எனக்கும் இதுவே நடந்தது. ஒரு வாரத்தில் திரும்பவும் விளையாடப் போனேன். அந்தக் கால் இன்றைக்கும் ஈரமான குறுக்குப் பாதையில் என்னை நம்பவிடுவதில்லை. பள்ளிக்கூடத்துக்கு இறங்கும்போது பிள்ளைகள் எனக்கு முன்னால் ஓடிப் போய்விடுகிறார்கள்.

சுளுக்கு என்றால் நரம்பு பிரண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் அங்கே கிழிவது ஓர் எலும்பையும் இன்னோர் எலும்பையும் பிடித்து வைத்திருக்கும் தசைநார். பெரும்பாலும் வெளிப்பக்கத்துத் தசைநார். கிழிந்த சேலையை இரண்டு பக்கமும் பிடித்து இழுத்தால் கிழிசல் ஒட்டுமா? அதனால்தான் அந்த முதல் இழுப்பு வேண்டாம் என்கிறேன். கைராசிக்காரப் பெரியவர்களை நான் குறை சொல்லவில்லை. மூன்று நான்கு நாள் கழித்து, வீக்கம் வடிந்தபின், எண்ணெய் போட்டு மெதுவாகத் தடவட்டும். அன்றைக்கே சுடு ஒத்தடமும் அழுத்தமான உருவலும் கூடாது. அதனால் வீக்கம் கூடும்.

சரி, கரப்பந்தில் கணுக்கால் ஏன் இவ்வளவு போகிறது? 1991ஆம் ஆண்டிலிருந்து இது நம் நாட்டின் தேசிய விளையாட்டு. ஆளை இடிக்காத ஆட்டம் என்றும் பெயர். இருந்தும் வலைக்குக் கீழே இரண்டு அணியின் கால்களும் சந்திக்கின்றன. ஒருவர் அடிக்க எம்புகிறார், எதிரே இருப்பவர் தடுக்க எம்புகிறார், இறங்கும்போது ஒருவரின் பாதத்தின் மேல் மற்றவரின் பாதம் விழுகிறது. கால் மடங்குகிறது. இதற்காகத்தான் நடுக்கோடு. பாதம் நடுக்கோட்டைக் கொஞ்சம் தாண்டலாம், ஆனால் அதன் ஒரு பகுதியாவது கோட்டின் மேல் இருக்க வேண்டும், முழுப் பாதமும் அந்தப் பக்கம் போனால் தப்பு. நம் மைதானத்தில் இரண்டு கம்பமும் வலையும் இருக்கின்றன. கோடு இருக்கிறதா? கோடே இல்லாத இடத்தில் நடுவர் எதைப் பார்த்து விசில் ஊதுவார்?

நோர்வே நாட்டில் 1990களில் கரப்பந்து வீரர்களுக்கு மூன்று விஷயம் சொல்லிக் கொடுத்தார்கள். காயம் எப்படி வருகிறது, எம்புவதும் இறங்குவதும் எப்படி, ஒற்றைக்காலில் தடுமாறாமல் நிற்பது எப்படி. கணுக்கால் சுளுக்கு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. அதற்குப் பெரிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. அடிக்க ஓடி வரும்போது கடைசி எட்டை நீளமாக வைத்து நேர்மேலே எம்பினால், வலையைத் தாண்டி முன்னால் பறக்க மாட்டோம். நம் பையன்கள் பந்தைப் பார்த்ததும் மாட்டைப் போல முன்னால் பாய்கிறார்கள். அங்கேதான் பிழை.

அப்படியும் கால் மடங்கிவிட்டால் முதலில் எலும்பைப் பார்க்க வேண்டும். கனடாவின் ஒட்டாவா நகரத்து வைத்தியர்கள் 1992இல் இதற்கு ஓர் எளிய விதி எழுதினார்கள். உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகளில் இன்றும் பயன்படுகிறது. விழுந்த உடனேயும் பிறகும், நொண்டியாவது, நான்கு அடி எடுத்து வைக்க முடிகிறதா? கணுக்கால் மொட்டுகளின், உள்ளேயும் வெளியேயும், பின்விளிம்பையும் நுனியையும் விரலால் அமுக்கினால் எலும்பிலேயே வலிக்கிறதா? பாதத்தின் வெளிப்பக்கம் நடுவில் ஒரு முண்டு இருக்கும், அங்கே வலிக்கிறதா? உள்பக்கம் கணுக்காலுக்கு முன்னால், பாத வளைவின் மேலே உள்ள எலும்பில் வலிக்கிறதா? நான்கு அடி வைக்க முடியவில்லை என்றாலோ, இந்த இடங்களில் ஒன்றில் வலித்தாலோ எக்ஸ்ரே தேவை. டிஸ்பென்சரி மருந்தோடு நிற்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கால் கோணியிருந்தால், எலும்பு வெளியே தெரிந்தால், பாதம் மரத்துக் குளிர்ந்தால், அசைக்காமல் 1990க்கு அழையுங்கள். அந்த அம்புலன்சுக்குக் காசில்லை. சின்னப் பிள்ளைகள் விஷயத்தில் நாமே சோதித்து முடிவெடுக்க வேண்டாம், காட்டிவிடுவோம்.

எலும்புக்கு ஒன்றுமில்லை என்றால் முதல் இரண்டு மூன்று நாள் காலுக்கு ஓய்வு. உட்காரும்போதும் படுக்கும்போதும் தலையணை வைத்து உயர்த்துங்கள். கிரேப் பண்டேஜை விரலிலிருந்து மேலே சுற்றுங்கள், விரல் நீலமானால் தளர்த்துங்கள். வலிக்கு ஐஸ் நல்லது. ஐஸ் இல்லையா, நம் பீலித் தண்ணீரே போதும், மலைநாட்டில் அது ஐஸுக்குத் தங்கச்சி. பத்துப் பதினைந்து நிமிடம், ஒரு நாளைக்கு நாலைந்து தடவை. ஐஸை நேராகத் தோலில் வைக்காமல் துணியில் சுற்றி வையுங்கள்.

நம்மில் அநேகர் தப்பு விடுவது இதற்குப் பிறகுதான். ஒரு சிலர் மறுநாளே மலையேறுகிறார்கள், ஒரு சிலர் மூன்று வாரம் காலை அசைக்காமல் வைத்து விறைக்க விடுகிறார்கள். மூன்றாம் நான்காம் நாளிலிருந்து வலி பொறுக்கும் அளவுக்குக் காலை அசைக்க வேண்டும். என் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது: காலை நீட்டி உட்கார்ந்து பெருவிரலால் காற்றில் அ முதல் ஃ வரை எழுது. எழுத்தும் மறக்காது, காலும் விறைக்காது. ஊன்ற முடிந்தபின் இஸ்தோப்புத் தூணைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்கள். பிறகு பல் விளக்கும் நேரம் முழுக்க அந்த ஒற்றைக்காலில் நில்லுங்கள். இது விளையாட்டாகத் தெரியும். ஆனால் கிழிந்த தசைநார் ஒட்டினாலும், கால் எங்கே சாய்கிறது என்று உடம்புக்குச் சொல்லும் உணர்வு தானாகத் திரும்புவதில்லை. அதைப் பழக்கித்தான் எடுக்க வேண்டும். ஒருமுறை சுளுக்கிய கால் திரும்பவும் சுளுக்குவது அதிகம் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே வலி போன பிறகும் இரண்டு மூன்று மாதம் ஒற்றைக்கால் பயிற்சியை விட வேண்டாம்.

எப்போது திரும்ப விளையாடலாம்? சுளுக்கிய காலில் மட்டும் பத்துத் தடவை துள்ளிப் பாருங்கள். ஓடித் திரும்பிப் பாருங்கள். வலியும் பயமும் இல்லை என்றால் வாருங்கள். "சேர், எனக்குச் சரியாயிருச்சு" என்ற வாய் வார்த்தையை அணித்தலைவர் கேட்கக் கூடாது. தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவரின் பேரன் முத்தையா முரளிதரன். 2004இல் வலது தோளில் சத்திரசிகிச்சை செய்துகொண்டு மாதக்கணக்கில் ஆட்டத்தை விட்டு இருந்தார். 2010இல் காலியில் 800ஆவது விக்கெட்டை எடுத்தார். அவரால் பொறுக்க முடிந்தது என்றால் டிவிஷன் கிண்ணத்துக்காக நாம் மூன்று வாரம் பொறுக்கலாம்.

ஆனால் முரளிக்குத் திங்கள் காலை பிரட்டு இல்லை. அதை மறந்துவிட்டு ஓய்வெடு ஓய்வெடு என்று சொல்வது எனக்கே வெட்கம். சுளுக்கிய காலோடு கொழுந்துக் கூடையைச் சுமந்து சரிவில் இறங்குவது கரப்பந்தைவிட மோசம். ஆகவே டிஸ்பென்சரியில் காட்டித் துண்டு வாங்குங்கள். அந்தத் துண்டைத் தோட்டத் தலைவரிடம் கொடுங்கள். சமதரையில் நிற்கிற வேலை இரண்டு வாரம் கொடுக்கச் சொல்லித் துரையிடம் பேசுவது கமிட்டியின் வேலை. எப்போதும் கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். கேட்காமல் கிடைத்ததாகவும் எனக்கு ஞாபகமில்லை.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் வேலையினாலும் வேலையின்போதும் வரும் காயத்துக்கு உரியது. ஞாயிறு பந்தில் மடங்கிய காலை மலையில் மடங்கியது என்று எழுதச் சொல்லிச் சிலர் என்னிடம் வருகிறார்கள். எழுத மாட்டேன். அப்படி ஒரு பொய் பிடிபட்டால், நாளைக்கு உண்மையிலேயே கானில் விழுந்து கால் உடையும் அக்காவையும் நம்ப மாட்டார்கள். அதேபோல மலையில் அடிபட்டால் அன்றைக்கே கங்காணியிடம் சொல்லிப் பதிய வையுங்கள். இரண்டு நாள் பார்ப்போம் என்று இருந்துவிட்டு, பிறகு "பந்து விளையாடினதுதானே" என்று மற்றவர்கள் சொல்ல இடம் கொடுக்காதீர்கள்.

கயிறிழுக்கும் அக்காமாருக்கு ஒரு வார்த்தை. கயிற்றைக் கையில் சுற்றிப் பிடிக்காதீர்கள். வழுக்குகிறது என்று சுற்றுகிறோம், எதிர்ப்பக்கம் ஒரே மூச்சில் இழுக்கும்போது விரல் போய்விடும். விதியிலேயே அதற்குத் தடை இருக்கிறது. அந்த விரல்தான் கொழுந்து எடுக்கிறது.

வரும் ஞாயிறு காலை எட்டு மணிக்கு மைதானத்துக்கு வாருங்கள். 18 மீட்டருக்கு 9 மீட்டர் அளந்து கோடு போடப் போகிறோம், நடுக்கோட்டையும் சேர்த்து. ஸ்டோரிலிருந்து அரை மூட்டை டொலமைட் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சுமந்து வர இரண்டு தம்பிமார் வேண்டும். கால் சுளுக்காதவர்களாகப் பார்த்துப் பெயரைக் கொடுங்கள்.