டிக் டிக்னு சத்தம்… கிளம்பாத கார்!

சாவியைத் திருப்பினா 'டிக் டிக்'னு சத்தம் வருது. கார் கிளம்ப மாட்டேங்குது. அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளுங்க.

படபடன்னு விடாம அடிச்சா, பெரும்பாலும் பேட்டரியில சார்ஜ் இல்லை. செல்ஃப் மோட்டார் சுத்த நூறு ஆம்பியருக்கு மேல வேணும். ஹெட்லைட்டைப் போட்டுக்கிட்டே சாவியைத் திருப்புங்க. வெளிச்சம் அடங்கிப்போனா பேட்டரிதான். முழு சார்ஜ் உள்ள பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே போனா கிட்டத்தட்ட காலி.

ஒரே ஒரு 'டக்' கேட்டு, வெளிச்சமும் மங்கலைன்னா, செல்ஃப் மோட்டார் மேல சந்தேகப்படலாம்.

எதுக்கும் முதல்ல பானெட்டைத் திறந்து பேட்டரி டெர்மினலைப் பாருங்க. வெள்ளையாவோ பச்சையாவோ பூத்திருந்தா, சுத்தம் பண்ணி இறுக்குங்க. கழற்றும்போது மைனஸ் முதல்ல. மாட்டும்போது மைனஸ் கடைசியில.

இப்படித்தான் ஒருத்தர், நின்னுபோன காரைத் தள்ள நாலு பேரைக் கூப்பிட்டார். வந்தவங்க எட்டிப் பார்த்துட்டு, "சார், இது ஆட்டோமேட்டிக் கியர் வண்டி. தள்ளினாலும் கிளம்பாது"ன்னாங்க.

அவர் கேட்டாராம்: "ஆட்டோமேட்டிக்னா அது தானாத்தானே கிளம்பணும்?"